ஓர் அரட்டைத் திண்ணையை மூடிய கதை



நள்ளிரவிலும் நான் கணிப்பொறியின் முன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "யாரோடு ஐயா இந்த ஓயாத அரட்டை?" என்று விடுதி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அரட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்கள் சில அத்தகைய அரட்டையில்தான் வளர்கின்றன.

பயர்பாக்ஸ் உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து எழுந்தது மோசில்லா இயக்கம். அதன் பிள்ளை பயர்பாக்ஸ். அந்த நிரலை எவரும் படிக்கலாம்; பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். திருத்துவோர் பல நாடுகளில் இருப்பவர்கள். அவர்கள் கூடிப் பேச ஒரு திண்ணை வேண்டாமா? அத்திண்ணைதான் ஐ.ஆர்.சி. 1988இல் பின்லாந்து நாட்டு ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் அமைத்த முறை அது. மோசில்லா தனக்கென ஓர் ஐ.ஆர்.சி. சர்வரை நெடுங்காலம் நடத்திவந்தது. (சர்வர் என்றதும் இட்டிலி கொண்டுவருபவரை நினைக்க வேண்டாம். ஆயினும் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இதற்கும் வேலை.)

அதன் சிறப்பு எளிமை. ஒரு புனைபெயர் போதும், நுழைந்துவிடலாம். வெறும் எழுத்து வரிகளே போய்வருவதால் பழைய கணிப்பொறியும் மெதுவான இணைப்பும் தாங்கும். குறையும் அந்த எளிமையிலேயே இருந்தது. வருபவர் யார் என்று கேட்பாரில்லை; ஆகவே வம்பர்களும், விளம்பரக் குப்பை கொட்டும் எந்திரங்களும் உள்ளே வந்தன. சர்வர் எதையும் நினைவில் வைப்பதுமில்லை. நீங்கள் எழுந்து போனபின் பேசப்பட்டது உங்களுக்கு இல்லை.

2018இல், வேறொரு கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, பயர்பாக்சில் ஒரு சிறு பிழையைத் திருத்த ஆசைப்பட்டேன். ஐயம் கேட்கத் திண்ணைக்குப் போனால் கதவு திறக்கவில்லை. மூன்று இரவுகள் என் அறியாமையையே நொந்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது: வலைப்பின்னலில் ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் எண்ணிட்ட வாயில் உண்டு. இணையப் பக்கங்கள் பெரும்பாலும் 443ஆம் வாயிலில் வரும், ஐ.ஆர்.சி.க்கு வழக்கமான வாயில்களில் ஒன்று 6667. அதைக் கல்லூரி அடைத்திருந்தது. ஒரு நண்பரின் கைப்பேசி வழியாக நுழைந்து கேள்வியைக் கேட்டேன். உடனே இணைப்பு அறுந்தது. யாரேனும் விடை சொன்னார்களோ என்னவோ, காற்றோடு போயிற்று.

2019 ஏப்ரலில் மோசில்லாவின் மைக் ஹோய், அந்தச் சர்வரை மூடப்போவதாக அறிவித்தார். தொல்லையும் வசையும் பெருகியதை ஒரு காரணமாகச் சொன்னார். புதியவர்க்கு வழி கடினம் என்பது மற்றொன்று. பள்ளி, கல்லூரி, அலுவலகங்களின் வலைப்பின்னல்கள் பலவும் ஐ.ஆர்.சி.யை உள்ளே விடுவதில்லை என்பதையும் சொல்லியிருந்தார். அதைப் படித்தபோது, என்னைப் போல் வெளியே நின்றவர்கள் இன்னும் எத்தனை பேரோ என்று தோன்றிற்று.

மூடிய முறையைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். முதலில் தேவைகளை எழுதிவைத்தார்கள். வருவோர் அடையாளத்துடன் வரவேண்டும். நடத்தை விதியை மீறுவோரைத் தடுக்க முடியவேண்டும். பார்வையற்றோரும் பயன்படுத்தக் கூடியதாய் இருக்கவேண்டும். பிறகு நான்கு சேவைகளைப் பலரும் பழகிப் பார்க்க விட்டார்கள். 2019 டிசம்பரில் மேட்ரிக்ஸ் என்பதைத் தேர்ந்தார்கள். புதிய வீட்டில் விளக்கேற்றியபின் சில காலம் பழைய வீடும் திறந்திருந்தது. 2020 மார்ச்சில் அதை அடைத்தார்கள்.

புதிய சர்வரைத் தாமே நடத்தாமல், மேட்ரிக்சை வளர்க்கும் நிறுவனத்திடமே நடத்தக் கொடுத்தார்கள். சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போவதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் சொந்த வீடு சும்மா நிற்பதில்லை. ஒழுகும் கூரையை அடைக்கவும், நடுநிசியில் வம்பரை விரட்டவும் யாரோ விழித்திருக்க வேண்டும்; உலாவிக்குச் செல்ல வேண்டிய நேரம் அதில் கழியும். மேட்ரிக்சின் விதிமுறை எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. எவரும் தம் சர்வரை நிறுவிப் பிற சர்வர்களோடு இணைக்கலாம். பிடிக்காவிட்டால் வீடு மாறலாம். விதிமுறையை மறைத்து வைக்கும் சேவையாக இருந்திருந்தால் நான் இதற்கு உடன்பட்டிருக்க மாட்டேன்.

இழப்பும் உண்டு. என் அறைத்தோழரின் பழைய கணிப்பொறியில் ஐ.ஆர்.சி. துள்ளி ஓடும், புதியது மூச்சு வாங்குகிறது. கணக்கு எதுவும் தொடங்காமல், புனைபெயரோடு வந்து ஓரமாய் உட்கார்ந்து கேட்கும் சுகமும் போயிற்று.

2020இல் ஊரடங்கு வந்தபோது திருநெல்வேலிக்கு அருகே எங்கள் ஊரில் இருந்தேன். ஓர் இரவு பழைய கேள்வியைப் புதிய திண்ணையில் மறுபடி கேட்டுவிட்டு உறங்கிவிட்டேன். காலையில் அம்மா கொடுத்த காப்பியோடு வந்து பார்த்தால், விடை எனக்காகக் காத்திருந்தது. என் திருத்தம் ஒரே ஒரு வரிதான். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

முயன்று பார்க்க விரும்புவோர் சனிக்கிழமை மாலை என் அறைக்கு வாருங்கள், வழி காட்டுகிறேன். பழைய கணிப்பொறி வைத்திருப்போர் அதையும் எடுத்து வரலாம்.