பறக்காத விமானம்

ஆகாய விமானம் ஓட்டுவதில் கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், குட்டிக்கரணம் போடுவது, தலைகீழாய்ப் பறப்பது என்றெல்லாம் நேயர்கள் சொல்லக்கூடும். நாமும் சமீப காலம் வரையில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். மேலே ஏறாமல், கீழே இறங்காமல், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல், சும்மா நேராகப் போவது இருக்கிறதே, அதுவே பெரிய வித்தை என்பதை இப்போது அறிந்துகொண்டோம். தரையை விட்டு ஓர் அங்குலங்கூட எழும்பாமல், கோவிலூரில் ஒரு வீட்டு வளவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறிந்துகொண்டோம் என்பதுதான் விசேஷம்.

காரைக்குடிக்கு அடுத்த கோவிலூர், கொற்றவாளீசர் கோயிலாலும் வேதாந்த மடத்தாலும் பெயர் பெற்ற ஊர். அங்கே நம் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். முகப்பைத் தாண்டி உள்ளே போனதும், வளவை ஒட்டிய அறையிலிருந்து ஜெட் விமானத்தின் இரைச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தால், நண்பரின் மகள் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால், ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் விசை நெம்புகோலுமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் நீல வானமும், அதன் கீழே கடலும், எதிரே ஒரு போர் விமானத்தின் கருவிப் பலகையும் தெரிந்தன. பக்கத்தில் அவளுடைய அப்பத்தா மணைப்பலகையில் அமர்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே பேத்தியின் விமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சித்தப்பா, ஓட்டிப் பார்க்கிறீர்களா?" என்றாள் பெண்.

வயதானவர்கள் இம்மாதிரி அழைப்புகளை மறுத்துவிடுவது புத்திசாலித்தனம். நாம் மறுக்கவில்லை.

"பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறீர்கள். அப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும்" என்று சொல்லி, கைப்பிடியை நம்மிடம் கொடுத்தாள். உயரத்தைக் காட்டும் முள் மெல்ல ஏறிற்று. கைப்பிடியை முன்னே தள்ளினோம். முள் நிற்கவில்லை, இன்னும் தள்ளினோம். திடீரென்று விமானம் தலைகுப்புற இறங்கத் தொடங்கிற்று. பதறி இழுத்தோம். விமானம் கோபுரம் போல நிமிர்ந்தது. மறுபடி தள்ளினோம். இரண்டு நிமிஷத்துக்குள் நாமும், கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள அந்த விமானமும் சமுத்திரத்தில் மூழ்கினோம்.

"விழுந்துவிட்டால் என்ன ஆகும், ஆத்தா?" என்று கேட்டார் அப்பத்தா.

"ஒன்றுமில்லை அப்பத்தா, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்."

"நல்ல ஏற்பாடாக இருக்கிறதே! எல்லாவற்றுக்கும் இப்படி வைத்திருக்கக் கூடாதோ?" என்றார் அந்த அம்மையார்.

*

நாம் செய்த பிழைக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் 'முள்ளைத் துரத்துவது.' ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவி, காற்றின் அழுத்தம் மாறுவதைக் கொண்டு வேலை செய்வது. அது உண்மையைச் சொல்லச் சில விநாடி பிந்தும். அதைப் பார்த்துக் கைப்பிடியை அசைக்கிறவன், முடிந்துபோன விஷயத்துக்குப் பரிகாரம் தேடுகிறான். அதற்குள் புதிய தவறு தொடங்கிவிடுகிறது.

அந்தப் பெண் சொல்லித் தந்த முறை இது. வெளியே வெளிச்சம் இருக்கும்போது அடிவானந்தான் ஆதாரம். அடிவானத்துக்கு எவ்வளவு கீழே விமானத்தின் மூக்கு தெரிகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு இறக்கை நுனிகளும் அடிவானத்திலிருந்து ஒரே அளவு தூரத்தில் இருக்கவேண்டும். எதிரே தொலைவில் ஒரு மலையையோ மேகத்தையோ குறி வைத்து அதை நோக்கிப் போகவேண்டும். பிறகுதான் கருவிகளைப் பார்த்து, கண் சொன்னது சரிதானா என்று ஒத்திட வேண்டும். திருத்தம் சிறிதாக இருக்கவேண்டும். திருத்திய பின் பொறுத்திருக்க வேண்டும். சரியான நிலை கிடைத்ததும், கைப்பிடியின் மேலுள்ள சிறு விசையைத் தட்டி, கையின் பலமில்லாமலே விமானம் அந்த நிலையில் நிற்கும்படி செய்துவிட வேண்டும்.

நவீனப் போர் விமானங்களில் விமானியின் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடித் தகடு உண்டு. வேகம், உயரம், அடிவானக் கோடு யாவும் அதில் பச்சை நிறத்தில் தோன்றும். இறக்கை முளைத்த சிறு வட்டம் ஒன்றும் அதில் மிதக்கும். மூக்கு நோக்கும் திசை வேறு, விமானம் உண்மையில் போகும் திசை வேறு. இரண்டாவதைக் காட்டுவதே அந்த வட்டம். அதை அடிவானக் கோட்டின் மேல் நிறுத்திவிட்டால் உயரம் மாறாது.

கேட்பதற்குச் சுலபந்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால், நிமிஷத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர். போகும் பாதை கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு பாகை கீழே சாய்ந்திருந்தால், ஒரு நிமிஷத்தில் சுமார் 260 மீட்டர் உயரம் போய்விடும்!

*

"இனிமேல்தான் உண்மையான பாடம்" என்று சொல்லி, அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். திரையில் வானமும் கடலும் மறைந்தன. எங்கும் வெண்மூடுபனி.

மேகத்துக்குள் போய்விட்ட விமானியை முதலில் ஏமாற்றுவது அவனுடைய காதுதான். உட்செவியில் உள்ள திரவம் அசைந்து, உடம்பு திரும்புவதை நமக்கு உணர்த்துகிறது. ஒரே சீராகச் சிறிது நேரம் திரும்பிக்கொண்டே இருந்தால் அந்தத் திரவம் அடங்கிவிடும். அப்போது சாய்ந்து போகிறவன் நேராகப் போவதாகவே நம்புவான். நேராக்கினாலோ, எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். கயிற்றைப் பாம்பாகக் காண்பது பற்றி வேதாந்திகள் சொல்வதுண்டு. கோவிலூர் மடத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட அந்த உவமானம் ஆகாயத்திலும் பொருந்துகிறது.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில், கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை, வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் விமானம் ஓட்டச் செய்து சோதித்தார்கள். இருபது பேரும் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க இயலாமல் தோற்றார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி.

இதற்குப் பரிகாரம் பம்பரம். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. அந்தத் தத்துவத்தைக் கொண்டு ஸ்பெர்ரி கம்பெனியார் செயற்கை அடிவானக் கருவியைச் செய்தார்கள். 1929 செப்டம்பர் 24-ஆம் தேதி ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்கர், மூடிய அறைக்குள் இருந்தபடி, கருவிகளை மட்டும் நம்பி மேலே எழும்பிப் பறந்து இறங்கிக் காட்டினார். அதே காலத்தில், ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே சாய்ந்தும் நிமிர்ந்தும் ஆடும் பொய் விமானம் ஒன்றைச் செய்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் முதலில் 'பறந்தது' அதில்தான். அந்த யுத்தத்துக்காகச் செட்டிநாட்டிலும் ஒரு விமானத் தளம் போட்டார்கள். யுத்தம் முடிந்ததும் அது கைவிடப்பட்டது.

ஆனால் பம்பரமும் பொய் சொல்லக்கூடும். 1978 ஜனவரி முதல் தேதி இரவு, ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 விமானம் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிற்று. தலைமை விமானிக்கு முன்னிருந்த அடிவானக் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டிற்று. வெளியே இருண்ட அரபிக் கடல். ஒத்துப் பார்க்க வெளிச்சமில்லை. அவர் இடப்பக்கம் திருப்பினார். உண்மையில் விமானம் ஏற்கெனவே இடப்பக்கந்தான் சாய்ந்துகொண்டிருந்தது. கிளம்பிய இரண்டு நிமிஷத்துக்குள் அது பாந்திராக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இத்தனைக்கும் உதவி விமானிக்கு முன்னால் இன்னொரு கருவி இருந்தது. அவசரத்துக்கென்று மூன்றாவதும் இருந்தது.

"அதனால்தான் ஒரே கருவியைப் பார்க்கக் கூடாது, சித்தப்பா" என்றாள் பெண். "அடிவானம், உயரம், அடிவானம், திசை, அடிவானம், வேகம். ஒன்று சொல்வதை மற்றவை ஒப்புக்கொள்கின்றனவா என்று ஓயாமல் பார்க்கவேண்டும்." சொல்லிக்கொண்டே பத்து நிமிஷம் பனிக்குள் ஓட்டினாள். உயரமானி பத்தாயிரத்தைச் சுற்றி ஐம்பது அடிக்கு மேல் விலகவில்லை.

*

இதை விளையாட்டு என்று நினைத்திருந்தோம். பிறகுதான் நண்பர் விஷயத்தைச் சொன்னார். இந்திய விமானப்படையின் தேர்வுக்காக, அடுத்த மாதம் மைசூருக்கு வரச்சொல்லி அவளுக்கு உத்தரவு வந்திருக்கிறது. விமானி வேலைக்குக் கம்ப்யூட்டர் மூலம் ஒரு பரீட்சை உண்டு. கருவிகளைப் படிக்கும் திறமையையும், கண்ணும் கையும் காலும் ஒத்துழைப்பதையும் அது சோதிக்கும். அந்தப் பரீட்சையை ஆயுளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தவறினால் விமானி ஆகும் வழி அத்தோடு அடைபட்டது.

அப்பத்தா விரும்பிய 'மறுபடி ஆரம்பிக்கும்' ஏற்பாடு அங்கே கிடையாது!

ராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாமும் இளமையில் போர் விமானி ஆகவே ஆசைப்பட்டார். டேராடூனில் நடந்த தேர்வில் எட்டு இடங்களே இருந்தன. அவர் ஒன்பதாவதாக வந்தார். ஜனாதிபதியான பின், 2006-ல், தம் எழுபத்து நான்காம் வயதில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்துதான் அந்த ஆசையைத் தீர்த்துக்கொண்டார். பெண்களுக்கோ 2016 ஜூன் மாதத்தில்தான் போர் விமானங்களின் கதவு திறந்தது. அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூவர் முதலில் நுழைந்தார்கள். கோயமுத்தூருக்கு அருகிலுள்ள சூலூரில், 2020-ல், நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் விமானங்களுக்கென ஒரு படைப்பிரிவு எழுந்தது. அந்த விமானத்தின் கதையோ இன்னும் வேடிக்கை. சட்டென்று திரும்புவதற்காக, தானே நிலைத்து நில்லாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் விளக்குமாற்றை நட்டமாக நிறுத்தும் பையனைப் போல, அதன் கம்ப்யூட்டர்கள் கணந்தோறும் திருத்திக்கொண்டே அதைத் தாங்குகின்றன.

"உங்களுக்குச் சம்மதந்தானா?" என்று நண்பரைக் கேட்டோம்.

"என் மனசு ஒரு நிமிஷம் மேலே போகிறது, ஒரு நிமிஷம் கீழே போகிறது" என்றார் அவர்.

"நீ முள்ளைத் துரத்தாதே, அப்பா" என்றார் உள்ளேயிருந்து அப்பத்தா. "பிள்ளை நேராகத்தான் போகிறாள்."

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்காக நின்றோம். கோவிலூர்க் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நம் கண் தானாகவே அடிவானத்தைத் தேடிற்று. மைசூரில் அந்தப் பெண்ணின் கை நடுங்காமல் இருக்கவேண்டுமே என்று மனம் கொற்றவாளீசரை வேண்டிக்கொண்டது. நேயர்களும் வேண்டிக்கொள்வார்களாக.