செவிலியர் பட்டப்படிப்பு: பதினோராம் வகுப்பிலேயே தீர்மானமாகும் ஒரு வாழ்க்கை

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியான மறுவாரத்தில், நமது அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. "பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்பலாமா?" என்பதே அது. நல்ல கேள்விதான். நோயுற்றோருக்குத் தொண்டு செய்யும் பெருமையும், நிலையான ஊதியமும் ஒருங்கே வாய்க்கும் தொழில்கள் உலகில் சிலவே. ஆயினும் இக்கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் அதுவன்று. இரண்டாண்டுகள் முன்னதாக, பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்று தீர்மானிக்கும் நாளிலேயே இது கேட்கப்பட வேண்டும்.

நெசவாளருக்கு இதனை நாம் விரித்துக் கூற வேண்டியதில்லை. பாவைத் தறியில் ஏற்றிய பிறகு ஊடையின் நிறத்தை மாற்றலாம். பாவை மாற்ற இயலாது. பயிரிடுவோருக்கும் இது தெரிந்ததே. விதைத்த பின் உரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். விதையை மாற்ற முடியாது. செவிலியர் பட்டப்படிப்புக்குப் பதினோராம் வகுப்பின் பாடப்பிரிவே பாவும் விதையும் ஆகும்.

பல்கலைக்கழகமும் பட்டங்களும்

நமது மாநிலத்தில் இத்துறைக்குரிய பல்கலைக்கழகம், சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்று, 1988 முதல் இயங்கி வருகின்றது. அதனோடு இணைக்கப்பெற்ற அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் பாடம் நடைபெறுகின்றது. பரீட்சை நடத்திப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகமே.

செவிலியர் துறையில் இளநிலைப் பட்டம் பெற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, பி.எஸ்ஸி. நர்சிங், இது நான்காண்டுப் படிப்பு. இரண்டாவது, போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங், முன்னரே பட்டயம் பெற்றுச் செவிலியராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு உரிய இரண்டாண்டுப் படிப்பு.

இப்பட்டப்படிப்பின் வரலாற்றில் நமது நாட்டுப்புறத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு. இந்தியாவில் பி.எஸ்ஸி. நர்சிங் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது 1946-ஆம் ஆண்டில், இரண்டே இடங்களில். ஒன்று தலைநகராகிய டில்லி. மற்றொன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1909-இல் நிறுவிய செவிலியர் பள்ளி, நாற்பதாண்டுகளுக்குள் பட்டக் கல்வி அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. சுற்றிலும் தறியும் கழனியும் நிறைந்த ஒரு பகுதியில் இப்படிப்பு தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது.

சேர்வதற்குரிய தகுதிகள்

நாடெங்கும் இப்படிப்புக்கு விதி வகுத்து வந்திருப்பது, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய செவிலியர் மன்றம். அது 2021-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் நான்காண்டுப் படிப்புக்குரிய தகுதிகளைத் தெளிவாக வரையறுத்துள்ளன.

சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளுக்குள் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் பயின்று, அவற்றில் சேர்ந்து 45 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பு மாணவர்க்கு இது 40 விழுக்காடு. உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே படித்தோரும் தகுதியுடையவர்களே. ஆங்கிலத்தில் தனியாகத் தேறியிருத்தல் கட்டாயம். உடல் நலம் பற்றிய மருத்துவச் சான்றும் வேண்டும். ஆண்களும் சேரலாம். மணமான பெண்களும் சேரலாம் என்று விதியிலேயே கூறப்பட்டிருப்பதை, மணம் முடிந்ததும் படிப்பும் முடிந்தது என்று கருதும் குடும்பத்தார் கவனிப்பார்களாக.

இப்பொழுது பாடப்பிரிவின் முக்கியத்துவம் விளங்கும். கணிதமும் கணினி அறிவியலும் எடுத்த மாணவி எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும், உயிரியல் படிக்கவில்லையாதலால் இப்பட்டப்படிப்பில் சேர இயலாது. வணிகவியல் பிரிவில் பயின்றோர்க்கும் அவ்வாறே. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடும் பெற்றோர், பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையைத் தாமே உண்டாக்குகின்றனர். உயிரியலோடு கணிதமும் சேர்ந்த பிரிவில் பயில்வோர்க்குப் பல துறைகளின் கதவுகள் திறந்திருக்கும். மனம் இன்னும் உறுதிப்படாத பிள்ளைக்கு அப்பிரிவு பொருந்தும்.

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசை வகுத்து, கலந்தாய்வு வாயிலாக இடம் அளித்து வந்துள்ளனர். 2023-இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய மன்றத்தின் இடத்தில் புதியதோர் ஆணையத்தை அமைப்பதே அதன் நோக்கம். ஆதலால், அவ்வவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுவதும் படித்த பின்னரே விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். சென்ற ஆண்டு அடுத்த வீட்டுப் பெண் சேர்ந்த முறையே இவ்வாண்டும் நடைபெறும் என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காண்டுகளில் கற்பது என்ன?

நான்காண்டுகளும் எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதற்பருவத்தில் உடற்கூறு, உடலியல், சமூகவியல், உளவியல் ஆகியவற்றோடு செவிலியப் பணியின் அடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன. அடுத்து உயிர்வேதியியலும் உணவியலும், பின்னர் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல், வயது வந்தோர் நோய்ப் பராமரிப்பு ஆகியவையும் வருகின்றன. ஐந்தாம் பருவம் முதல் குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம், பேறுகாலப் பணி என்று படிப்பு விரிகின்றது. எட்டாம் பருவம் முழுவதும் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி.

பரீட்சை எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். செய்முறைப் பயிற்சியிலோ, பட்டம் பெறுவதற்கு முன் 100 விழுக்காடும் நிறைவு செய்தாக வேண்டும். தவறிய நாள்களை ஈடு செய்யாமல் பட்டம் கிடையாது. அறுவடைக் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்ளும் வழக்கமுடைய குடும்பங்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும். ஆங்கிலம் முதலிய சிலவற்றைத் தவிர, மற்றப் பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 50 விழுக்காடு பெற்றால்தான் தேர்ச்சி.

தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுக்கு முதலாண்டில் பாடநூல்களின் ஆங்கிலம் அச்சமூட்டும். அஞ்ச வேண்டுவதில்லை. பேச்சுவழி ஆங்கிலம் முதற்பருவத்திலேயே ஒரு பாடமாக வைக்கப்பட்டுள்ளது. பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள கோடை மாதங்களில் நாளும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் வாசித்துப் பழகினால், அச்சத்தில் பாதி நீங்கிவிடும்.

இரண்டாம் வழி

நான்காண்டுப் பட்டப்படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டுவதில்லை. ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உள்ளது. மன்றத்தின் விதிப்படி, இதில் அறிவியல் பயிலாதோரும் ஆங்கிலத்தில் தேறி 40 விழுக்காடு பெற்றிருப்பின் சேரலாம். ஆனால் அறிவியல் பாடங்களை வலியுறுத்தும் நிறுவனங்களும் உள. பட்டயம் பெற்று, செவிலியராகவும் பேறுகாலப் பணியாளராகவும் பதிவு செய்துகொண்ட பின்னர், மேலே கூறிய இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்து பட்டதாரி ஆகலாம். மூன்றும் இரண்டும் ஐந்து. நேர்வழியைவிட ஓராண்டே கூடுதல். இடையில் வேலை பார்த்துப் பொருளீட்டி, வீட்டுக்கும் உதவி, பின்னர்ப் பட்டம் பெற விரும்புவோர்க்கு இவ்வழி ஏற்றது.

பட்டயம் பெற்றோரும் மருத்துவமனைச் செவிலியர் வேலைக்கு உரியவர்களே. அப்படியானால் பட்டத்தின் பயன் யாது? எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலிய அலுவலர் தேர்வுக்குப் பட்டதாரிகள் நேரே விண்ணப்பிக்கலாம். பட்டயம் பெற்றோர் இரண்டாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். எம்.எஸ்ஸி. நர்சிங் படித்துக் கல்லூரி ஆசிரியையாவதற்கும் பட்டமே அடிப்படை. தொழிலில் நுழையப் பட்டயம் போதும். மேற்படி ஏறப் பட்டம் வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இக்கட்டுரையில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியையே. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் "ஆறு மாதத்தில் நர்சிங்", "ஓராண்டில் நர்சிங், வேலை உறுதி" என்று பெயர்ப்பலகை வைத்துப் பணம் வாங்கும் இடங்கள் பல. அங்கே பயில்வோர்க்கு வெள்ளைச் சீருடை கிடைக்கும், சான்றிதழும் கிடைக்கும், ஆனால் செவிலியராகப் பதிவு செய்துகொள்ளும் உரிமை கிடைக்காது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு செவிலியர், பேறுகாலப் பணியாளர் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறினாலன்றி, அரசு வேலைக்கோ அயல்நாட்டு வேலைக்கோ வழியில்லை. பிறகு உண்மை தெரிந்து வருந்துவதால் கட்டிய பணமும் மீளாது, கழிந்த ஆண்டும் மீளாது.

ஆதலால் எந்த நிறுவனத்திலும் ஒரு ரூபாய் கட்டும் முன்பு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு அல்லது எந்த மன்றத்தின் அங்கீகாரம் உள்ளது? அந்த அங்கீகாரம் இவ்வாண்டுக்கும் செல்லுமா? படித்து முடித்தவர் தமிழ்நாடு மன்றத்தில் செவிலியராகப் பதிவு பெறுவாரா? விடைகளை நிறுவனத்தின் வாய்மொழியாக ஏற்காமல், பல்கலைக்கழகமும் மன்றங்களும் வெளியிடும் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நூலை வாங்கும்பொழுது எண்ணையும் எடையையும் சரிபார்க்கும் நாம், பிள்ளையின் வாழ்க்கையைச் சரிபாராமல் ஒப்படைக்கலாமா?

இரவுப்பணி உண்டே, அயலூரில் விடுதியில் தங்க வேண்டுமே என்று தயங்குவோர் இன்னும் இருக்கின்றனர். கொள்ளைநோய் உலகையே வீட்டுக்குள் அடைத்த 2020-ஆம் ஆண்டில், நோயாளியின் படுக்கையருகே இரவும் பகலும் நின்றவர்கள் செவிலியரே. அத்தகைய தொழிலுக்குப் பெண்ணை அனுப்புவது குடும்பத்துக்குப் பெருமையேயன்றிக் குறைவன்று.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவது இது. இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், முடிவு வருமுன்பே அப்பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு விருப்பத்தைக் கேட்க வேண்டும். செவிலியப் பணியில் நாட்டம் இருந்தால் உயிரியல் உள்ள பிரிவில் சேர்க்க வேண்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி எனில் அதற்குரிய சான்று ஆகியவற்றை இப்பொழுதே பெற்று வைக்க வேண்டும். ஒருவர் அறிந்ததைப் பலரும் அறியச் செய்வதே கூட்டுறவு. அடுத்த சங்கக் கூட்டத்தில் இச்செய்தியை எடுத்துரைத்து, இவ்விதழைப் படிக்காத அண்டை வீட்டாருக்கும் சொல்வோமாக.