மெருகினால் வந்த வடு

சென்ற ஆண்டு ஆறு மாத காலம் நாம் ஒரு மோட்டார் வண்டிக்குக் காவலராக இருந்தோம். நம் தமையனார் அமெரிக்காவிலுள்ள தம் குமாரன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, தமது கறுப்பு நிற வண்டியின் சாவியை நம்மிடம் கொடுத்து, "தம்பி, வாரம் ஒரு தடவை ஓட்டி வை, வேறொன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வினாத்தாளை இருமுறை வாசித்த பிறகே விடை எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிற நாம், அந்த 'வேறொன்றும்' என்ற சொல்லைச் சரியாக வாசிக்கத் தவறிவிட்டோம்.

அவர் திரும்புவதற்கு ஐந்து வாரம் இருக்கையில், வாங்கிய நாளின் பளபளப்போடு வண்டியை ஒப்புவிக்க வேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று. ஒரு கடையில் விட்டோம். சுழலும் யந்திரத்தைக் கொண்டு இரண்டு மணி நேரத்தில் மெருகேற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வாரம் கழித்து நல்ல மழை பெய்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால், சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல் கீறல்கள்! பானெட்டின் மேல் யந்திரம் போன வழியெல்லாம் மங்கலான வளையங்கள். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

மழைக்கு முன் இவை எங்கே போயிருந்தன? மெருகுப் பசையில் நுண்ணிய தேய்ப்புத் துகள்களோடு எண்ணெய்ச் சத்தும் கலந்திருக்கிறது. அந்த எண்ணெய் கீறல்களில் நிரம்பி அவற்றை மறைக்கிறது. கழுவக் கழுவ வெளியேறுகிறது. கடைக்காரர் நமக்குக் கொடுத்த பளபளப்பில் பாதி இந்த எண்ணெய்தான். கீறல்களும் உண்மையில் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் அவை ஓடுகின்றன. விளக்கொளியைக் குறுக்கே தாங்கி நம் கண்ணுக்குத் திருப்பும் கீறல்கள் மட்டும் புலப்படுவதால், ஒளியைச் சுற்றி வளையமிட்டதுபோல் தோன்றுகிறது. எவர்சில்வர்த் தட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள்.

இக்காலத்து வண்டிகளில் வர்ணத்தின் மேல் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்; ஒரு தலைமயிரின் கனம் கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உள்வர்ணத்தைக் காப்பது இதுவே. ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் இதிலே கொஞ்சம் தேய்ந்து போகிறது. கீறலை நீக்குவது என்றால், அதைச் சுற்றியுள்ள மேட்டைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குவது என்றுதான் அர்த்தம். ஆகையால் வடுவைப் போக்குவதும் செலவுதான். முன்பு செலவு செய்தவர் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார் என்பது தெரியாமல் நாம் மேற்கொண்டு செலவு செய்கிறோம்.

முரட்டுத்தனமாகத் தேய்க்கும் வழக்கத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1920-களில் வழக்கத்துக்கு வந்த 'டூகோ' போன்ற லாக்கர் வர்ணங்கள் வெயிலில் மங்கும். மங்கிய தோலைத் தேய்த்து எடுத்தால் உள்ளே புது நிறம் பளிச்சிடும். பழைய வண்டிகளைத் துடைத்தவர்களின் துணியில் வண்டியின் நிறமே ஒட்டியிருக்கும். 1980-களில் நிறமற்ற மேற்பூச்சு பரவலான பின்பும் கை பழைய வழக்கத்தை விடவில்லை.

மறுபடியும் யந்திரத்திடம் கொடுக்க நமக்குத் தைரியமில்லை. கையால் செய்வது என்று தீர்மானித்தோம். கை மெதுவானது; தவறு செய்தாலும் மெதுவாகவே செய்யும்.

அதிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது தொடங்கினோம். முதலில் குளிப்பாட்டல். ஒரு வாளியில் சோப்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். தேய்த்த துணியை வெறும் நீரில் அலசிய பிறகே சோப்பு நீரில் தோய்க்கலாம். இல்லாவிட்டால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறோம். (தினந்தோறும் காலையில் உலர்ந்த துணியால் வண்டியின் தூசைத் துடைக்கும் அன்பர்களை நினைத்தால் நமக்கு இப்போது உடம்பு நடுங்குகிறது.) ரப்பர் விளிம்புகளுக்கும் மடிப்பு ஓரங்களுக்கும் காகித நாடா ஒட்டினோம். ஓரங்களில் அழுத்தம் குவிவதால் பூச்சு அங்கேதான் முதலில் அற்றுப்போகும்.

பிறகு பானெட்டின் மூலையில் ஒரு சாண் சதுரம் மட்டும் எடுத்துக்கொண்டு, கடையில் கிடைத்தவற்றுள் மிக மென்மையான பசையால் பரீட்சை செய்தோம். விரல் நுனியால் அழுத்தினால் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து புதுக் கோடுகள் விழும். தட்டையான நுரைத் திண்டு வேண்டும். நான்கு சொட்டுப் பசை. நீளவாட்டில் ஒரு முறை, குறுக்குவாட்டில் ஒரு முறை. சுமார் இரண்டு நிமிஷம். துடைத்ததும் பளிச்சென்றிருந்தது. ஏமாறக்கூடாதல்லவா? தண்ணீர் கலந்த ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தோம். வளையங்களில் பாதி போயிருந்தது, மெய்யாகவே. இன்னும் இரண்டு முறை தேய்த்த பின் மிச்சத்திலும் பெரும்பகுதி மறைந்தது.

பானெட்டுக்கு மட்டும் நான்கு காலைகள். வண்டி முழுவதற்கும் மூன்று வாரத்துக்கு மேல். "வாசலைக் கழுவச் சொன்னால் இடுப்பு வலி என்கிறீர்களே!" என்றாள் நம் சகதர்மிணி. பதில் சொல்லாமல் துணியை மடித்தோம். துணியும் முக்கியம்: மைக்ரோபைபர் துணியை எட்டாக மடித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் புதுப் பக்கம், கீழே விழுந்த துணி வண்டிக்குத் திரும்பவே கூடாது.

நூற்றுக்கு நூறு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கும் கீறல்கள் மூன்று இருந்தன; அவற்றைத் துரத்தினால் மேற்பூச்சு முழுவதும் போய்விடும். விளிம்பின் கூர்மையை மட்டும் மழுக்கி விட்டுவிட்டோம். இடது முன் மட்கார்டின் மடிப்பில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு யந்திரம் பூச்சையே தின்றிருந்தது. அங்கே எந்தப் பசையும் உதவாது. மறுபடி வர்ணம் அடிப்பது ஒன்றே வழி. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வண்டிக்கு உடையவர். கடைசியாக எல்லாவற்றின் மேலும் மெழுகு பூசி வைத்தோம்.

தமையனார் வந்த அன்றே கொட்டகைக்கு அழைத்துச் சென்று, அவர் கேட்குமுன் கைவிளக்கை அந்த மட்கார்டின் மேல் பிடித்து நடந்ததையெல்லாம் சொன்னோம். அவர் குனிந்து பார்த்தார், நகத்தால் தடவினார், பானெட்டை ஒருமுறை சுற்றி வந்தார். "வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றேனே" என்றார், கோபமில்லாமல். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து திருப்பினார். 'டிக்' என்று ஒரு சப்தம், அவ்வளவுதான்.

"தம்பி, வாரம் ஒரு தடவை ஓட்டினாயா?" என்றார். தேய்க்கத் தொடங்கிய நாள் முதல் வண்டியை நாம் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.