இரவல் குரல் எதற்கு?

ஆடி மாதம் பிறந்துவிட்டால், சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி நாமக்கல் சிற்றூர்கள் வரை ஒலிபெருக்கிகளில் எல். ஆர். ஈஸ்வரியின் குரல் முழங்கும். அம்மன் பாடல்களுக்கே இலக்கணமாகிவிட்ட அக்குரலுக்குரியவர், லூர்து மேரி ராஜேஸ்வரி எனும் பெயருடன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம்மில் பலர் அறியார்.

குழுப் பாடகியாகத் திரைத்துறையில் நுழைந்த அவருக்கு, கே. வி. மகாதேவன் இசையமைத்த 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) தனித்துப் பாடும் வாய்ப்பை அளித்தது. 1961-இல் வெளிவந்த 'பாசமலர்' அவர் குரலை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. பி. சுசீலாவின் தெளிந்த, இழையும் குரலே பெண்குரலுக்கு அளவுகோலாயிருந்த காலம் அது. அதனைப் பின்பற்றியிருப்பின், ஈஸ்வரி இரண்டாம் சுசீலாவாகவே நின்றிருப்பார். தம் குரலின் துடிப்பையும் சிரிப்பையும் மறைக்காது, அவற்றையே அவர் அணிகலனாக்கிக் கொண்டார். நம் காவிரிக்கரைக் கொடுமுடியில் தோன்றிய கே. பி. சுந்தராம்பாளின் ஓங்கிய குரலையும் வேறொருவர் குரலென எவரும் மயங்கியதில்லை.

மெல்லிசைக் குழுக்களில் பாடும் நம் பெண்மக்கள் 'அப்படியே ஈஸ்வரி', 'அப்படியே ஜானகி' எனப் பாராட்டப் பெறுகின்றனர். பிறரைக் கேட்டுப் பாடுதல் பயிற்சியின் முதற்படியே. எனினும், தொண்டையை இறுக்கி நெடுங்காலம் இரவல் குரலில் பாடுவோர் தம் குரலையே இழக்க நேரிடும்.

பெற்றோரே, உங்கள் மகள் பாடுகையில், "யாரைப் போலப் பாடுகிறாய்?" என வினவாதீர், இறைவன் அவளுக்கென அளித்த குரலில் பாடச் சொல்லிக் கேளுங்கள்.