எலிகு யேலும் கடலூரின் குண்டுக் கிராமங்களும்

முன்னுரை

தமிழகத்தோடு தொடர்புடைய வேல்ஸ் மரபினருள் எலிகு யேல் (1649–1721) குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்குவதால் கொடையாளராகவே பெரிதும் அறியப்படுகிறார். அக்கொடைக்கு மூலமான செல்வம் ஈட்டப்பட்டதோ தமிழகக் கடற்கரையில். விருத்தாசலத்தை உள்ளடக்கிய இன்றைய கடலூர் மாவட்டத்தின் இடப்பெயர்கள், அவர் வாழ்வின் மறுபக்கத்துக்குச் சான்றாக அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாழ்வும் பணியும்

வேல்ஸின் ரெக்சம் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் யேல் பிறந்தார். 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர், 1687இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். கம்பெனிப் பணியோடு சொந்த வணிகமும் செய்து பெருஞ்செல்வம் சேர்த்தார். தம் பதவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கிடையே 1692இல் பதவியிழந்தார்.

அவர் காலத்துக் கோட்டை நிருவாகம், ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்லவேண்டுமென ஆணையிட்டது. முகலாய ஆட்சியின் எதிர்ப்பையடுத்து 1688இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. 1718இல் கனெக்டிகட் கல்லூரிக்கு யேல் அனுப்பிய கொடையில் 417 நூல்களும் ஒன்பது பொதிச் சரக்குகளும் இருந்தன. அச்சரக்குகளை விற்றுப் பெற்ற தொகையே கல்லூரிக் கட்டடத்துக்கு உதவியது.

குண்டுக் கிராமங்கள்

1690இல் யேல் ஆளுநராயிருந்தபோது, மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதற்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிடப்பட்டது. டேவிட் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். இளமையில் இறந்த யேலின் மகன் பெயரும் டேவிட் என்பதால், அவன் நினைவாகவே இப்பெயர் அமைந்தது என்பாரும் உளர்.

கோட்டையோடு சேரும் நிலத்தின் எல்லையைப் பீரங்கியே வகுத்தது. கோட்டையிலிருந்து சுடப்பட்ட குண்டு சென்று விழுந்த தொலைவுக்குட்பட்ட ஊர்கள் கம்பெனிக்கு உரியனவாயின. அவை ‘குண்டுக் கிராமங்கள்’ எனப்பட்டன. ‘குண்டு உப்பலவாடி’ என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அவ்வழக்கைக் காத்து நிற்கிறது. குளம், கோயில், மரம், குடி முதலியவற்றால் ஊர்கள் பெயர்பெறும் நிலத்தில், படைக்கலத்தின் வீச்சால் அமைந்த இப்பெயர் தனித்து நோக்கத்தக்கது.

கடலோர எல்லை பின்னர் உள்நாட்டுக்கும் நீண்டது. புனித டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் வழியிலமைந்த விருத்தாசலம் கோயில், 1751இல் ஆங்கிலப் படையின் காவலிடமாயிற்று. இன்று பீங்கான் தொழிலால் அறியப்படும் அந்நகரும் இவ்வரலாற்றில் அடங்கும்.

முடிவுரை

யேலின் கல்லறை ரெக்சமிலும் அவர் புகழ் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் நிலைத்துள்ளன. நிலம் கைமாறிய முறையையோ கடலூரின் ஊர்ப்பெயர் காத்துவருகிறது. எனவே, காலனியக்கால ஆளுமைகளின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்வோர் கம்பெனி ஆவணங்களோடு தமிழக இடப்பெயர்களையும் சான்றாகக் கொள்வது இன்றியமையாதது.