நைட் ஷிஃப்ட் தூங்கும் தெரு

1989-இல் அப்பா திருவள்ளூர் பக்கம் செவ்வாப்பேட்டையில் மனை வாங்கியபோது உறவுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "அங்கே யார் இருக்கா?" யாரும் இல்லை. அதனால்தான் விலை கட்டுபடியானது. அப்பாவுக்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. 1979-இலேயே திருவள்ளூர் வரை மின்சார ரயில் வந்துவிட்டதால் யூனிட் வண்டியைப் பிடித்தால் போதும். மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், சுற்றிலும் நெல் வயல், தூரத்தில் ஒரு செங்கல் சூளை, எங்களோடு சேர்த்து நாலே வீடு. அதற்கு 'நகர்' என்று பெயர் வேறு.

இரவில் யூனிட் வந்து நிற்பது படுக்கையிலேயே கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். கல் காய்வதற்கும் அப்பாவின் டார்ச் வெளிச்சம் வரப்பில் ஆடிக்கொண்டு வருவதற்கும் சரியாக இருக்கும். அமாவாசை மட்டும் விதிவிலக்கு. திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போகும் கூட்டத்தில் வண்டி பிதுங்கும். அப்பா சட்டை கசங்கி, எரிச்சலோடு வந்து சேருவார்.

1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை கம்பெனிகள். பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். விடியற்காலையில் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டின. மனைகள் நிரம்பின. எங்களுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே அத்தனை மாடிகள் எழும்பிவிட்டன, யூனிட் சத்தம் இப்போது வீட்டுக்கு எட்டுவதில்லை.

இத்தனை பேர் வந்த பிறகு இரைச்சல்தானே கூட வேண்டும்? பகல் பதினோரு மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும், ஒன்று விட்டு ஒரு வீட்டில் யாரோ நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார்கள். எதிர் மாடியில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர். மூன்று பேர் வேலைக்குப் போனால் மற்ற மூன்று பேர் அதே பாயில் படுக்கிறார்கள். ஜன்னலில் வெளிச்சம் புகாமல் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. சுவரில் துளை போடுவதென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான். பிள்ளைகளின் கிரிக்கெட் ஏரிக்கரைக்குப் போய்விட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. கூட்டம் போட்ட கழிவுநீர்க் கால்வாய் விவகாரம் பத்து வருடமாக அப்படியே கிடக்கிறது.

போன வாரம் புதுக் காய்கறிக்காரர் ஒருவர் குட்டியானையில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா கேட் வரை நடந்துபோய்க் கையை ஆட்டினாள். "மெதுவாப்பா, பசங்க தூங்குறாங்க."

"மணி பதினொண்ணு ஆவுதும்மா!"

"ராத்திரி டூட்டிப்பா."

அவர் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஸ்பீக்கரை அணைத்தார். வண்டி கோடி வீட்டைத் தாண்டிய பிறகுதான் தக்காளி விலை மறுபடி கேட்டது.