மூக்கின் மேல் முளைக்கும் பல்

பன்றிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆண் பாபிரூசாவின் மண்டையோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கிறவருக்கு, யாரோ பற்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கீழ்த்தாடையின் கோரைப்பற்கள் வாயோரமாக மேலே எழுகின்றன. பன்றி இனத்தில் அது வழக்கம்தான். மேல்தாடைக் கோரைப்பற்களோ வாய்ப்பக்கம் வருவதே இல்லை. மூக்கெலும்பின் இருபுறமும் மேல்நோக்கிக் கிளம்பி, முகத்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, பின்புறமாக வளைந்து நெற்றியைப் பார்த்துத் திரும்புகின்றன. பெரிய ஆண்களில் அவை ஒரு அடி நீளம்கூட இருக்கும். கொம்பைப் போலத் தெரிந்தாலும், அசல் பல்தான்.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவு, அதை ஒட்டிய டோகியன் தீவுகள், கிழக்கே புரு, சுலா தீவுகள் ஆகிய இடங்களில் மட்டுமே இந்தக் காட்டுவிலங்கு வாழ்கிறது. மெல்லிய கால்கள், சுலாவெசியில் இருப்பவற்றுக்கு மயிர் அதிகமில்லாத சாம்பல் நிறத் தோல். உதிர்ந்த பழங்களைத் தேடித் தின்னும், நன்றாக நீந்தும்.

சாதாரணக் காட்டுப்பன்றிக்கும் மேல் கோரைப்பல் சற்று மேலே வளையும். ஆனால் அது வாயோரமாகவே வெளிவந்து கீழ்ப்பல்லோடு ஓயாமல் உரசும். அந்த உரசலில் இரண்டும் தேயும், கீழ்ப்பல் கூராகும். பாபிரூசாவில் மாறிப்போனது பல் அல்ல, பல் உட்காரும் குழி. ஆண் விலங்கு வளரும்போது மேல்தாடையின் பற்குழி திரும்பி மேல்நோக்கி அமைந்துவிடுகிறது. குழி காட்டும் திசையில் பல் வளர்கிறது, அவ்வளவுதான். ஒரு குழியின் சாய்வு மாறியதால் ஒரு முகமே வேறாகிவிட்டது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய வியப்பு. பெண்ணுக்கு இந்தத் திருப்பம் இல்லை. அதன் கோரைப்பற்கள் மிகச் சிறியவை, பல சமயம் இருப்பதே இல்லை.

திசை மாறியதால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பல்லின் வளர்ச்சியும் நிற்பதில்லை. தேய்த்துக் குறைக்க எதிர்ப்பல் இல்லாததால், உடையாமல் தப்பிய பல் வளைந்து வளைந்து நெற்றியைத் தொடுகிறது. அரிதாக, தோலைத் தாண்டி மண்டையெலும்புக்குள்ளும் இறங்குகிறது. அப்படித் துளைபட்ட மண்டையோடுகள் சேகரிப்புகளில் இருக்கின்றன. இது ஒரே குத்தில் நடப்பதில்லை. மெல்ல, விடாமல் அழுத்தினால் எலும்பு கரைந்து வழிவிடும். பல்வரிசையைச் சீராக்கக் கம்பி போடும் மருத்துவர் நம்பியிருப்பதும் எலும்பின் இதே குணத்தைத்தான்.

இப்படி ஒரு பல் எதற்கு? தலையைக் கிளையில் மாட்டிவைத்து ஓய்வெடுக்க என்று பழைய நூலாசிரியர்கள் சிலர் எழுதினார்கள். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியான தம் மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலில், பிரம்புப் புதர்களின் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கத்தான் என்ற விளக்கத்தை எடுத்துப் பார்த்தார். அதே புதரில் இரை தேடும் பெண்ணுக்கு அந்தக் காப்பு ஏன் இல்லை என்று கேட்டு அதையும் ஒதுக்கினார். ஒரு காலத்தில் பயன்பட்டுத் தேய்ந்துவந்த பல், வாழ்க்கைமுறை மாறியபின் வேலையின்றி வளர்கிறது என்பது அவர் கருத்து. கிழட்டு விலங்குகளில் இவை சண்டையில் உடைந்தவைபோல முறிந்திருக்கின்றன என்றும் போகிறபோக்கில் குறித்துவைத்தார். 1871இல் டார்வின் அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் போனார்: தாக்குவதற்கு இந்தப் பல் உதவாது, ஆனால் தலையைச் சற்றுச் சாய்த்தால் எதிரியின் அடியைத் தாங்கும் கேடயமாகும் என்றார். ஒரே சான்று, இரண்டு பெரிய மனங்கள், இரண்டு முடிவுகள். 1981இல் விலங்கியலாளர் ஜான் மெக்கினன் டார்வின் பக்கமே சாய்ந்தார். கீழ்ப்பல் குத்துவதற்கு, மேல்பல் முகத்தைக் காத்து எதிரியின் பல்லைத் தடுப்பதற்கு என்று விளக்கினார்.

ஆனால் உயிருள்ள ஆண்கள் மோதுவதைக் கவனித்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். இரண்டும் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களால் ஒன்றையொன்று தள்ளிக் குத்துச்சண்டை போடுகின்றன. அந்தக் கட்டத்தில் மேல்பல்லுக்கு வேலை இல்லை. தீவுக்குத் தீவு பல்லும் வேறுபடுகிறது: சுலாவெசியில் நீண்டு நன்றாக வளைந்தது, புருவிலும் டோகியனிலும் குட்டையானது. கேடயம்தான் நோக்கம் என்றால் இவ்வளவு வேறுபாடு ஏன்? பெண்ணுக்கும் போட்டி ஆணுக்கும் வயதையும் வலிமையையும் காட்டும் அடையாளமாக இது வளர்ந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால், நெற்றியைத் துளைக்கும் ஆபத்து பெரும்பாலும் முதுமையில் வருவதால் இயற்கைத்தேர்வு அதைக் கண்டுகொள்ள வாய்ப்பில்லை.

தென் சுலாவெசியின் மாரோஸ் பகுதியில் லியாங் திம்புசெங் என்ற குகையின் கூரையில் ஒரு பாபிரூசா வரையப்பட்டிருக்கிறது. குறைந்தது 35,400 ஆண்டுப் பழமையானது என்று 2014இல் கணித்தார்கள். அது பெண் விலங்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாம் ஆணின் பல்லையே பார்த்து மலைக்கிறோம். அந்த ஓவியருக்கு அந்தப் பல் தேவைப்படவில்லை.

1931 முதலே சட்டப் பாதுகாப்பு இருந்தும், வட சுலாவெசியில் இறைச்சிக்காகப் பாபிரூசாவைக் கண்ணி வைத்துப் பிடிக்கிறார்கள். காடும் குறைகிறது. ஒரு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிகள்தான் என்பதால், இழந்ததை மற்றப் பன்றிகளைப்போல விரைவில் ஈடுகட்ட இதனால் முடியாது. கொரொந்தாலோ மாகாணத்தின் நாந்து காட்டில் உப்புச் சேற்றைத் தேடி இவை இன்னமும் கூட்டமாக வருகின்றன. பல்லைப் பற்றிய கேள்விக்கு மண்டையோட்டை அளந்து விடை காண முடியாது; அந்தச் சேற்றில் ஆண்கள் நேருக்கு நேர் நிற்கும்போதுதான் காண முடியும்.